அசையாச் சொத்தில் முதலீடு: தொடக்க வழிகளும் பாதுகாப்பும்

இந்தியக் குடும்பங்களின் செல்வத்தில் பெரும்பகுதி நிலமாகவும் வீடாகவும் உள்ளது. குடும்பங்களின் நிதிநிலை குறித்து ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2017ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின்படி, சராசரிக் குடும்பம் ஒன்றின் சொத்துக்களில் 77 சதவிகிதம் நிலமும் கட்டடமும் ஆகும். தங்கம் 11 சதவிகிதம். நிதிச் சொத்துக்கள் 5 சதவிகிதம் மட்டுமே. எனவே இத்துறையில் செய்யும் தவறான தேர்வு, பல்லாண்டுச் சேமிப்பையே கரைத்துவிடக்கூடும். புதிதாக முதலீடு செய்வோர்க்கு இன்று மூன்று முக்கிய வழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இழப்பு எங்கிருந்து வரக்கூடும், சட்டம் எதுவரை துணை நிற்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நிலமும் கட்டி முடித்த வீடும்

முதலாவது, மனையையோ வீட்டையோ நேரடியாக வாங்குவது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கிரயப் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். ஆயினும் பதிவு, உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம் ஆகாது. விற்பவரின் உரிமையில் குறையிருப்பின் அக்குறை வாங்குபவரையும் தொடரும். ஆகவே மூலப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, வருவாய்த் துறை ஆவணங்கள் ஆகியவற்றை ஆராய்தல் இன்றியமையாதது. பொது அதிகாரப் பத்திரத்தின் வாயிலாக நடைபெறும் விற்பனையால் உரிமை மாறாது என உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துள்ளது.

வீட்டுக்கடன் 30 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருப்பின் சொத்து மதிப்பில் 90 சதவிகிதம் வரையிலும், 75 லட்சம் வரை 80 சதவிகிதமும், அதற்கு மேல் 75 சதவிகிதமும் வழங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. எஞ்சிய தொகையுடன் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்திற்கும் சொந்தப் பணம் தேவை. வீடு வாடகை தரும். வெற்று மனை விற்கும் வரை வருவாய் தருவதில்லை. அவசரத் தேவையின்போது இரண்டையும் உடனே பணமாக்குதல் அரிது.

கட்டப்பட்டு வரும் குடியிருப்பு

இரண்டாவது வழியில் விலையைத் தவணைகளில் செலுத்தலாம். இடர், கட்டுமானம் தாமதமாவதிலோ நின்றுபோவதிலோ உள்ளது. வாடகையையும் கடன் தவணையையும் ஒருங்கே சுமக்கும் குடும்பங்கள் இதனால் நலிவுறுகின்றன. 2016ஆம் ஆண்டின் நிலக்கட்டட ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் இக்குறையைப் போக்க இயற்றப்பட்டது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவிகிதம், அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்கும் மட்டுமே செலவிடத்தக்க தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவிகிதத்திற்கு மேல் பெறலாகாது. குறித்த காலத்தில் வீடு ஒப்படைக்கப்படாவிடில், வாங்கியவர் விலகிப் பணத்தை வட்டியுடன் திரும்பக் கோரலாம். காத்திருப்பின், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்திற்கும் வட்டி பெறலாம்.

இருப்பினும், 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் அல்லது 8 வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. மேலும், நிறுவனத்திடம் பணம் இல்லையெனில் சாதகமான ஆணையை நிறைவேற்றுவதும் கடினமாகும்.

முதலீட்டு அறக்கட்டளை அலகுகள்

மூன்றாவது, 'ரீட்' எனப்படும் நிலக்கட்டட முதலீட்டு அறக்கட்டளை. செபி 2014இல் இதற்கு விதிகள் வகுத்தது. முதல் அறக்கட்டளை 2019 ஏப்ரலில் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. சொத்து மதிப்பில் குறைந்தது 80 சதவிகிதம் கட்டி முடித்து வருவாய் ஈட்டும் கட்டடங்களில் இருத்தல் வேண்டும். பகிரத்தக்க நிகரப் பணவரவில் 90 சதவிகிதம் அலகுதாரர்களுக்குச் சேர வேண்டும். 2021 முதல் சந்தையில் ஓர் அலகைக்கூட வாங்க இயலும். பத்திர ஆய்வுச் சுமை முதலீட்டாளருக்கு இல்லை. ஆனால் அலகின் விலை நாள்தோறும் மாறும். அலுவலகக் கட்டடங்கள் காலியாயின் வருவாய் குறையும். குடியிருக்க வீடும் கிடைக்காது.

தேர்வுக்குரிய அளவுகோல்

விலையேற்ற எதிர்பார்ப்பு ஒன்றையே கொண்டு வழியைத் தெரிவு செய்தல் முறையன்று. நீண்டகாலம் காத்திருக்கவும் ஆவணங்களை ஆராயவும் இயன்றவர்க்கு முதல் வழி பொருந்தும். தாமதத்தைத் தாங்கும் வருவாய் உள்ளவர்க்கே இரண்டாவது ஏற்றது. சிறு சேமிப்பாளர் மூன்றாவதிலிருந்து தொடங்கலாம். அவசரத் தேவைக்கான கையிருப்பை எவ்வழியிலும் முடக்காதிருப்பதே முதற் பாதுகாப்பாகும்.