எச்பிவி தடுப்பூசி: பலன் உண்டு, சரி... செலவுக்குத் தகுமா என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒட்டன்சத்திரத்தில் இருந்து அக்கா போன் செய்கிறார்: "பாப்பாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஊசி போடச் சொல்றாங்க. ஒரு டோஸ் 2,000 ரூபாயாம். ஒண்ணு போதுமா, ரெண்டு போடணுமா?"

அக்கா கேட்பதையேதான் அரசும் கேட்கிறது. என்ன, அங்கே கணக்கு கோடிகளில் ஓடும். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கான எச்பிவி தடுப்பூசிக்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

ஊசி பலன் தருமா?

தரும். இதைச் சொல்வது 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ'. ஒரு கேள்வியைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளை முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி தேடி, தரம் பார்த்து, தொகுத்துச் சொல்லும் முறை இது. காக்ரேன் அமைப்பு 2018இல் 26 பரிசோதனைகளை, 73,428 பேரின் தரவுகளோடு தொகுத்தது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை, குறிப்பாக இளம் பெண்களிடம், ஊசி தடுக்கிறது என்பது அதன் முடிவு.

செலவையும் அப்படியே தொகுத்துவிடலாமே?

அங்கேதான் சிக்கல். வைரஸ் லண்டனிலும் திண்டுக்கல்லிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். நர்ஸ் சம்பளம், ஊசி விலை, புற்றுநோய் சிகிச்சைச் செலவு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். பத்து நாடுகளின் செலவுக் கணக்கைக் கூட்டிப் பத்தால் வகுத்தால், எந்த நாட்டுக்கும் பொருந்தாத ஓர் எண்தான் மிஞ்சும்.

அதனால் நல்ல ரிவ்யூக்கள் செலவுக்குச் சராசரி போடுவதில்லை. எல்லாத் தொகைகளையும் ஒரே ஆண்டின் விலைக்கும் ஒரே வாங்கும் திறனுக்கும் மாற்றி, அட்டவணையாக வைக்கின்றன. செலவு அரசுடையதா, குடும்பத்துடையதா என்றும் பிரித்துக் காட்டுகின்றன. அக்காவின் பஸ் கட்டணமும், அன்று போன கூலியும் அரசுக் கணக்கில் வராது. ஆனால் அதுவும் செலவுதான்.

இந்தியாவில் மருத்துவத் தொழில்நுட்பங்களை இப்படி மதிப்பிடவே 2017இல் 'எச்டிஏ இந்தியா' என்ற அமைப்பு உருவானது.

ஒரு டோஸ் எவ்வளவு மாற்றும்?

இதற்கான முக்கியச் சான்று ஒன்று அக்கா ஊருக்குப் பக்கத்திலிருந்தும் வந்தது. 2009இல் இந்தியாவில் தொடங்கிய ஓர் ஆய்வின் மையங்களில் ஒன்று அம்பிளிக்கை. இரண்டு டோஸா, மூன்றா என்று ஒப்பிடுவதே திட்டம். 2010இல் எச்பிவி ஊசி ஆய்வுகளை அரசு நிறுத்தியதால், கிட்டத்தட்ட 5,000 சிறுமிகளுக்கு ஒரு டோஸ் மட்டுமே கிடைத்தது. 2021இல் வெளியான முடிவில், எச்பிவி 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு டோஸின் பாதுகாப்பு 95.4%, இரண்டு டோஸுக்கு 93.1%, மூன்றுக்கு 93.3%. யாருக்கு ஒரு டோஸ் என்பது குலுக்கலில் முடிவானதல்ல. அது இந்தச் சான்றின் பலவீனம். ஆனாலும் பிற ஆய்வுகளும் சேர்ந்ததும், 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸையும் மாற்று வழியாக உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஏற்றது.

விளைவு? இரண்டாவது டோஸின் விலை மட்டும் மிச்சமாவதில்லை, இரண்டாவது முறை ஊசி போடும் வேலையும் மிச்சம். அதே 36 கோடியில் இன்னும் நிறையச் சிறுமிகளை எட்டலாம்.

இனி 'குறைந்த செலவில் நிறைந்த பலன்' என்று தலைப்பு பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: யாருடைய செலவு? எந்த ஊர், எந்த ஆண்டு விலை? எதோடு ஒப்பிட்டு? அக்காவிடம், பாப்பாவின் வயதைச் சொல்லி, ஒரு டோஸ் போதுமா என்று டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள்.