வியர்வைக்கு வயது மட்டுமா காரணம்?

45 வயதைத் தாண்டிய பெண்ணுக்குத் திடீரென வியர்த்து, நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டு, மாதவிடாயும் தள்ளிப்போனால், ‘நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தாலும் இதே நான்கும் வரலாம். காரணம்தான் வேறு. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது மூளையின் ஹைபோதலாமஸ் உடல் வெப்பத்தின் சிறு ஏற்றத்தைக்கூடப் பொறுக்காமல் தோலின் ரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது. முகமும் கழுத்தும் சூடேறி, சில நிமிடங்களில் அடங்கிவிடும். தைராய்டு மிகையிலோ உடம்பு முழுவதுமே சக்தியை வேகமாக எரிக்கிறது; புழுக்கம் நாள் முழுக்க நிற்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும், நீட்டிய விரல்கள் நடுங்கும், தூக்கத்திலும் நாடி வேகமாகவே ஓடும்.

இவ்வளவு தெளிவாகப் பிரிகிறதே, பரிசோதனை எதற்கு எனலாம். பிரிவது பாடப்புத்தகத்தில்தான். இரண்டும் ஒருவருக்கே ஒரே சமயத்தில் வரலாம். வயது கூடக்கூட தைராய்டு மிகையின் அடையாளங்களும் மங்கும். மாதவிடாய் நிற்பதை அறியப் பார்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தால் போதாதா? மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உயர்ந்திருந்தாலும் தைராய்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதைச் சொல்வது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.-இன் ரத்தப் பரிசோதனை. வியர்க்கும் எல்லோருக்கும் அது வேண்டும் என்பதல்ல. எடையிலோ நாடியிலோ நடுக்கத்திலோ சந்தேகம் எழுந்தால் வேண்டும். கவனிக்காமல் விட்ட தைராய்டு மிகை இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும், எலும்பையும் தேய்க்கும். ஈஸ்ட்ரோஜன் குறைவால் எலும்பு ஏற்கெனவே வலுவிழந்துகொண்டிருக்கும் வயது அது.