நானே அட்மின், எனக்கே அனுமதி இல்லையா? விண்டோஸ் அப்டேட்டும் 80070005-ம்

போன மாசம் என்னோட பழைய லேப்டாப்பில் எதையோ தேடப் போய், தற்செயலாக அப்டேட் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்தேன். பகீர்னு ஆயிடுச்சு. ஐந்து மாசமா ஒரு செக்யூரிட்டி அப்டேட்கூட ஏறவில்லை. வரிசையா 'ஃபெயில்டு', 'ஃபெயில்டு'. பக்கத்தில் எல்லாம் ஒரே எண்: பூஜ்யம், எக்ஸ், அப்புறம் 80070005. அந்த லேப்டாப்பில்தான் பேங்க் வேலையெல்லாம் பார்க்கிறேன்.

இந்த எண்ணுக்கு அர்த்தம் 'ஆக்சஸ் டினைட்', அதாவது அனுமதி மறுப்பு. பார்த்ததும் எல்லாருக்கும் வரும் கேள்விதான் எனக்கும் வந்தது: கம்ப்யூட்டர் என்னுது, நான்தான் அட்மின், யாரு யாருக்கு அனுமதி மறுக்கிறது? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் கை வைத்தால் இருக்கிறதும் கெடும். அதனால் முதலில் அந்தப் பதிலைப் பார்த்துடுவோம்.

அந்த எண்ணையே கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம். முதலில் இருக்கும் 8, 'வேலை தோற்றது' என்பதற்கான அடையாளம். நடுவில் வரும் 7, இது விண்டோஸின் பொதுவான பிழைப் பட்டியலில் இருந்து வருகிறது என்று சொல்கிறது. கடைசி நான்கு இலக்கம்தான் உண்மையான பிழை. 0005 என்றால் அனுமதி இல்லை. 0002 என்றால் ஃபைலைக் காணோம். 0020 என்றால் அந்த ஃபைலை வேறொரு புரோகிராம் பிடிச்சு வெச்சிருக்கு. 0070 என்றால் டிஸ்கில் இடமில்லை. முதல் பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதால் பலர் குழம்பிப் போய், இடமில்லாத பிரச்சினைக்கு அனுமதி வைத்தியம் பார்க்கிறார்கள். வாலைப் பார்த்துட்டு வைத்தியத்தை ஆரம்பிங்க.

சரி, யாருக்கு அனுமதி இல்லை? உங்களுக்கு இல்லை. அப்டேட்டை இறக்குவதும் ஏற்றுவதும் நீங்கள் கிடையாது. பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், 'சிஸ்டம்' என்ற தனிக் கணக்கின் பேரில் அதைச் செய்கின்றன. விண்டோஸின் முக்கிய ஃபைல்களை மாற்றும் கடைசிக் கட்டத்தை 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்ற இன்னொரு அடையாளம் செய்கிறது. 2007-ல் மக்கள் கைக்கு வந்த விஸ்டாவில் இருந்தே ஏற்பாடு இதுதான். சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள பெரும்பாலான ஃபைல்களுக்குச் சொந்தக்காரர் இந்த டிரஸ்டட்இன்ஸ்டாலர்தான். அட்மினுக்கு அவற்றைப் படிக்கலாம், ஓட்டலாம், அவ்வளவுதான்.

வீடு நம்ம பேரில் இருந்தாலும் ஈபி மீட்டரின் சீல் நம்மளோடது இல்லையே, அந்த மாதிரி.

ஒவ்வொரு ஃபைலோடும் ஃபோல்டரோடும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும்: யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று. ஒரு புரோகிராம் கதவைத் தட்டும்போது, அது கொண்டுவரும் அடையாளத்தை அந்தப் பட்டியலோடு விண்டோஸ் ஒப்பிடும். பேர் இல்லை என்றால் வருவது அந்த 5. ஆக, அப்டேட்டில் இந்த எரர் வந்தால் நாம் கேட்க வேண்டியது: எந்தக் கதவில், யாருடைய பேர் விட்டுப்போச்சு?

என் விஷயத்தில் குற்றவாளி நானேதான். போன வருஷம் டிஸ்கில் இடம் பத்தவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒன்று, அதற்குள் 'டவுன்லோட்' என்று ஒன்று. பல ஜிபி தின்றுகொண்டிருந்தது. அழிக்கப் போனால் தகராறு செய்தது. எங்கேயோ படித்த யோசனைப்படி அந்த டவுன்லோட் ஃபோல்டரின் பட்டியலில் இருந்த பழைய பேர்களை எல்லாம் தூக்கிட்டு, என் பேரை மட்டும் போட்டேன். உள்ளே இருந்ததை அழித்தேன். இடம் கிடைத்த சந்தோஷத்தில் அதை அப்படியே மறந்தும் போனேன். ஆனால் அப்டேட் இறங்கி உட்காரும் இடமே அதுதான். சிஸ்டம் கணக்கின் பேரை நான் அடித்துவிட்டதால், அது தன் சொந்த வீட்டு வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்திருக்கு.

எல்லாருக்கும் இதே காரணம் இருக்காது. அதனால் எளிதானதில் தொடங்கி, வரிசையாப் போறதுதான் நல்லது.

முதலில் ரீஸ்டார்ட். பவர் பட்டனில் 'ஷட் டவுன்' இல்லை, 'ரீஸ்டார்ட்'. முந்தைய அப்டேட் பாதியில் நின்றிருந்தால் இதிலேயே சரியாகிவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, அப்டேட் ஃபைலை நீங்களே இறக்கி டபுள் கிளிக் செய்கிறீர்கள் என்றால், அட்மினாகத்தான் ஓட்டுகிறீர்களா என்று பாருங்க. அட்மினாக லாகின் செய்திருந்தாலும், நீங்கள் திறக்கும் புரோகிராம்கள் சாதாரண ஆளின் அடையாளத்தோடுதான் ஓடும். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து, வரும் கேள்விக்கு 'யெஸ்' சொன்ன பிறகுதான் முழு அதிகாரம் கிடைக்கும்.

மூன்றாவது, வெளியில் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ். இவை ஃபைல் போகும் பாதையிலேயே காவலுக்கு நிற்கின்றன. பட்டியலில் பேர் சரியாக இருந்தாலும் இவை தடுத்து 'அனுமதி இல்லை' என்று சொல்ல முடியும். தற்காலிகமாக நிறுத்தி முயற்சி செய்து, முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்க.

நான்காவது, என்னைக் காப்பாற்றியது. 'சர்வீசஸ்' ஜன்னலைத் திறந்து, 'விண்டோஸ் அப்டேட்', 'பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' இரண்டையும் நிறுத்துங்க. பிறகு சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பேரை மாற்றுங்க, பின்னால் 'பழசு' என்று சேர்த்தால் போதும். அழிக்க வேண்டாம். அப்புறம் ரீஸ்டார்ட். விண்டோஸ் அதே பேரில் புதிய ஃபோல்டரை உண்டாக்கும், சரியான அனுமதிப் பட்டியலோடு. ஒரே நஷ்டம், அப்டேட் ஹிஸ்டரி பக்கம் காலியாகத் தெரியும். ஏறிய அப்டேட்டுகள் எங்கும் போகாது.

ஐந்தாவது, விண்டோஸின் சொந்த ஃபைல்களே சேதமாகியிருந்தால். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்', அது முடிந்ததும் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. (உச்சரிப்பைத்தான் தந்திருக்கேன், ஆங்கிலத்தில் தட்டணும்.) முதலாவது, நல்ல பிரதிகள் இருக்கும் கிடங்கைச் சரிசெய்யும். இரண்டாவது, அந்தக் கிடங்கிலிருந்து எடுத்து உடைந்ததை மாற்றும். கிடங்கே கெட்டிருந்தால் அங்கிருந்து எடுப்பதும் கெட்டதாத்தானே இருக்கும்? அதனால்தான் இந்த வரிசை. இன்னொன்று, டிஸ்ம் நல்ல பிரதிகளை வழக்கமாக விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் கேட்டு வாங்கும். அப்டேட்டே அடைத்துக் கிடந்தால் இதுவும் நின்றுவிடலாம். நான்காவதை முன்னால் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

இதற்கும் மசியவில்லை என்றால் லாக் ஃபைல். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'லாக்ஸ்', அதற்குள் 'சிபிஎஸ்', அதற்குள் அதே பேரில் ஒரு ஃபைல். நோட்பேடில் திறந்து 80070005 என்று தேடுங்க. கிடைத்த வரிக்குச் சற்று மேலே பெரும்பாலும் எந்த ஃபைல் அல்லது எந்த ரெஜிஸ்ட்ரி சாவியில் இடித்தது என்று இருக்கும். அந்த ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதும். அதிலும் துப்பு கிடைக்கவில்லை என்றால், விண்டோஸ் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, விண்டோஸுக்குள் இருந்தபடியே செட்டப்பை ஓட்டி, 'ஃபைல்களும் ஆப்களும் இருக்கட்டும்' என்ற வழியைத் தேர்ந்தெடுங்க. சி டிரைவை ஃபார்மட் செய்வதற்கு முன் இது ஒரு நல்ல படி. எதற்கும் பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் இதெல்லாம் வேண்டாம். அங்கே அப்டேட்டை ஐடி ஆட்களே நிறுத்தி வைத்திருக்கலாம், அவர்களைக் கேட்டுவிடுங்க.

செய்யக் கூடாததையும் சொல்லிடறேன். 'எவ்ரிஒன்' என்ற பேருக்கு முழு அதிகாரம் கொடுப்பது, கம்ப்யூட்டரில் நுழையும் எந்தக் கெட்ட புரோகிராமுக்கும் சாவி கொடுப்பது. மொத்த சி டிரைவின் அனுமதிகளையும் ஒரே கட்டளையில் 'ரீசெட்' செய்வது இன்னும் மோசம். டிரஸ்டட்இன்ஸ்டாலருக்கென்று தனியாகப் போட்டிருந்த பட்டியல்கள் அதில் காணாமல் போகும். ஒரு கதவில் இருந்த கோளாறு ஆயிரம் கதவுக்குப் பரவும்.

ஒரு எரருக்கு இவ்வளவு மெனக்கெடணுமா என்று கேட்கலாம். 2017 மே 12-ம் தேதி வானாக்ரை பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ம் தேதியே வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாசம் இடைவெளி. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களையே தள்ளிப்போட வேண்டியதாச்சு. அப்டேட் வெளிவந்தது என்பதும் நம்ம கம்ப்யூட்டரில் ஏறியது என்பதும் வேறு வேறு விஷயம்.

பேரை மாற்றி ரீஸ்டார்ட் செய்த அன்றைக்கே எனக்கு ஐந்து மாச பாக்கியும் ஏறிவிட்டது. அப்டேட்டுகள் முந்தையதையும் சேர்த்தே வருவதால் ஒன்றிரண்டு ஏறினாலே போதும். இப்போது மாசம் ஒரு தடவை அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து பார்க்கிறேன். நீங்களும் இதைப் படித்து முடித்த கையோடு ஒரு தடவை பார்த்துடுங்க. செட்டிங்ஸில், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகாது.