உங்களுக்குத் தெரியுமா? – படபடப்பும் பத்து வயர்களும்

★ இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு தானாகவே மின்துடிப்பை உண்டாக்குகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம். நரம்புகளால் அந்த வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும், அவ்வளவுதான்.

★ அந்தக் கணுவை முதலில் கண்டது மனித இதயத்தில் அல்ல. மோல் என்னும் மண் தோண்டும் சின்னஞ்சிறு பிராணியின் இதயத்தில். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உடற்கூறு அறிஞர் ஆர்தர் கீத் மனைவியோடு சைக்கிளில் ஊர் சுற்றிவிட்டு வந்தபோது, மாணவர் மார்ட்டின் ஃபிளாக் மைக்ராஸ்கோப்பில் அதைக் காட்டினார். 1907இல் கட்டுரை வெளியானது.

★ 1887இல் இதயத்தின் மின்சாரத்தை உடம்புக்கு வெளியிலிருந்தே பதிவு செய்தவர் லண்டனின் அகஸ்டஸ் வாலர். ஜிம்மி என்ற தன் புல்டாக்கின் கால்களை உப்புத் தண்ணீரில் நிற்க வைத்தும் செய்து காட்டினார். பிராணி வதை என்று 1909இல் பார்லிமென்ட் வரை கேள்வி போனது! இ.சி.ஜி. எனப்படும் அந்தப் பதிவு முறையைச் செம்மையாக்கி 1924இல் நோபல் பரிசு பெற்றவர் ஐந்தோவன், ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். அவருடைய கருவி சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும்.

★ 'பன்னிரண்டு லீட்' இ.சி.ஜி. என்பார்கள். எண்ணிப் பாருங்கள், உடம்பில் ஒட்டுவது பத்து வயர்தான். மற்றதெல்லாம் கணக்கு. தாளில் அடுத்தடுத்த இரண்டு சிகரங்களுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் இருக்கிறதோ, அதால் 300ஐ வகுத்தால் நாடித்துடிப்பு வந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. துடிப்பு ஒழுங்காக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு பலிக்கும்.

★ திடீரென்று நெஞ்சு படபடவென அடித்துக்கொள்ளும். எண்ணினால் 180, 200 என்று போகும். அரை மணியில் சட்டென்று நின்றுவிடும். எஸ்.வி.டி. என்பார்கள். இளவயதினருக்கும் வரும். களமருதூரில் பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்குவதற்குள் படபடப்பு ஓடிப்போயிருக்கும். இ.சி.ஜி. நார்மல்! "வாயுவாக இருக்கும்" என்ற தீர்ப்போடு, சோடா குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருப்பவர்கள் கதையைச் சொல்லவே வேண்டாம். என்னைக் கேட்டால், இந்த நோயில் பாதி வைத்தியம் அது நடக்கும்போதே பிடிப்பதுதான். அடித்துக்கொள்ளும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணி, தேதியோடு எழுதி வையுங்கள். பக்கத்தில் எங்கே இ.சி.ஜி. இருக்கிறதோ அங்கே அப்போதே ஓடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்தால் பஸ்ஸுக்கு நிற்காமல் 108.

★ அப்படிக் கிடைத்த இ.சி.ஜி. தாள் தங்கம். ஆனால் பெரும்பாலும் அது சூடு பட்டால் கறுக்கும் தாள். ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் கிடந்தால் நாளடைவில் கோடே மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டாலோ மொத்தமும் கறுப்பு! ஜெராக்ஸ் எடுங்கள், இல்லையேல் செல்போனில் படம் பிடியுங்கள்.

★ ஆஸ்பத்திரியில் எஸ்.வி.டி.யை நிறுத்த ஊசி உண்டு. அதற்கு முன் ஒரு காசில்லாத வித்தை: 15 விநாடி சிரிஞ்சின் வாயில் ஊத வைத்து, உடனே மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிப்பது. 2015இல் வெளிவந்த ஆய்வில் இதனால் 43 சதவீதம் பேருக்கு ஒழுங்கு திரும்பியது. காலைத் தூக்காமல் ஊதியவர்களில் 17 சதவீதம்தான். டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

★ துடிப்பில் தாளமே இல்லாமல், கூடியும் குறைந்தும் விட்டு விட்டும் வந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். மேலறை வெறுமனே நடுங்குவதால் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். நம் நாட்டில் இதற்கு ஒரு முக்கியக் காரணம் சின்ன வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண். அதிலிருந்து மூட்டுவலிக் காய்ச்சல், அதிலிருந்து வால்வு சுருக்கம். அந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி எதற்கென்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். வால்வு சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின் மாத்திரை தருவார்கள். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும் தின்று மறு வாரம் தொடாமல் விட்டால் மாத்திரைக் கணக்கு குழம்பும். கீரையை விடவேண்டாம், அளவை மாற்றாமல் சாப்பிட்டால் போதும்.

★ இதயத்துக்கு மின்துடிப்பு கொடுக்க உடம்புக்குள் வைக்கும் பேஸ்மேக்கரை முதலில் பெற்றவர் சுவீடனின் ஆர்னே லார்சன், 1958இல். முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. மொத்தம் 26 கருவிகள் மாற்றி, 86 வயதுவரை இருந்தார். ஆபரேஷன் செய்த டாக்டரும் கருவியைச் செய்த இன்ஜினியரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

★ பேஸ்மேக்கர் வைத்தவர் காலமானால், தகனத்துக்கு முன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். தீயில் பேட்டரி வெடிக்கும். துக்க வீட்டில் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.