உங்களுக்குத் தெரியுமா? 13 வயதில் முதல் மேடை

யூதச் சிறுவனுக்கு 13 வயது நிறைந்தால் அவன் ‘பார் மிட்ஸ்வா’. ‘கட்டளைக்குரிய மகன்’ என்று பொருள். சிறுமி ‘பாட் மிட்ஸ்வா’. மரபுப்படி அவளுக்கு 12 வயது, சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் 13. விழா எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சமயக் கடமைகள் அந்த வயதில் தாமாகவே தோளேறிவிடும்.

விழாவில் ஓதுவதுதான் பெரும்பாடு. யூதர்களின் மறைநூலான தோராவின் சுருளில் உயிரொலிக் குறிகளும் இல்லை, இராகக் குறிகளும் இல்லை. அச்சுப் புத்தகத்தை வைத்து மாதக்கணக்கில் பழகிய பிறகு, ‘யாத்’ என்னும் கைவடிவக் கோலால் வரியைச் சுட்டிக்காட்டிப் பிசகாமல் ஓத வேண்டும்.

அதோடு ‘துவார் தோரா’ என்ற சிற்றுரையும் உண்டு. அந்த வாரத்துக்குரிய பகுதி தனக்கு என்ன சொல்கிறது, எங்கே இடறுகிறது என்று பிள்ளை தன் சொந்தச் சொற்களில் பேசும் நேரம் அது. சிலருக்குத் தோராவின் ஒரு நூலான லேவியராகமத்தின் தோல்நோய் அத்தியாயங்கள் வாய்க்கும்; படித்ததுமே முகம் சுளிப்பார்கள். நோயாளியை முகாமுக்கு வெளியே வைக்கும் அந்தப் பகுதியிலிருந்து, பள்ளியில் ஒருவரை ஒதுக்கிவைப்பது பற்றிப் பேச வழி பிறக்கும்.

1970, 80களில் அமெரிக்கப் பிள்ளைகள் பலர், சோவியத் நாட்டில் இந்த விழாவைக் கொண்டாட முடியாத ஒரு யூதப் பிள்ளையைத் தங்கள் ‘இரட்டை’யாக ஏற்று, மேடையில் அந்தப் பெயரையும் சொன்னார்கள்.

அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வா விழா என்று பரவலாகக் கருதப்படுவது 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் நடந்தது. 12 வயது ஜூடித் கப்லான் அன்று சுருளிலிருந்து அல்ல, அச்சுப் புத்தகத்திலிருந்தே வாசித்தார். 1992இல், 82 வயதில், இரண்டாம் முறையும் விழா கண்டார்!