பிழை எங்கே, சொல்!

யுனிக்ஸின் ஆதிகால உரைத் திருத்தியான 'எட்', தப்பான கட்டளை எதைக் கொடுத்தாலும் ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் மெதுவாக அச்சாகி வந்த காலத்தில் அந்தச் சிக்கனத்துக்கு நியாயம் இருந்தது. இன்று இல்லை. ஆனாலும் பிழைச் செய்தி எழுதுவது பல நிரலாளர்களுக்குக் கடைசி நேர வேலைதான். இதற்கென்றே குட்டி லைப்ரரிகள் இருக்கின்றன. ரஸ்ட் மொழியில் 'மியட்', 'ஏரியாட்னி' போல. மூலநிரலையும், பிழை தொடங்கி முடியும் இடங்களையும், ஒரு குறிப்பையும் கொடுத்தால் போதும். வரி எண்ணோடு அந்த வரியை எடுத்துப் போட்டு, தப்பான பகுதிக்குக் கீழே கோடிழுத்து, விளக்கத்தையும் எழுதித் தந்துவிடும். வெறும் ஒப்பனை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. லைப்ரரி வரைந்து தருவதைவிட, வரைவதற்காக அது நம்மிடம் கேட்டு வாங்கும் தகவலில்தான் அதன் மதிப்பு இருக்கிறது என்பது என் கட்சி.

பைத்தானைப் பாருங்கள். ஒரு '{' குறியைத் திறந்து மூட மறந்துவிட்டால், பழைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டி 'தொடரமைப்பு தவறு' என்று முடித்துக்கொள்ளும். அந்த வரியோ ஒரு பாவமும் அறியாதது. 2021இல் வந்த 3.10 பதிப்பு, திறந்த இடத்தையே சுட்டி, 'இந்த அடைப்பு மூடப்படவே இல்லை' என்கிறது. அடைப்பு திறந்த இடத்தை நினைவில் வைத்துக் கடைசிவரை கொண்டுவந்து சேர்த்ததால் கிடைத்த பலன் இது. வண்ணம் பூசியதால் வந்ததல்ல. அப்படியானால் லைப்ரரி எதற்கு என்று கேட்கலாம். இல்லாத தகவலை அதனால் உண்டாக்க முடியாது, உண்மைதான். ஆனால் 'இடம் எங்கே?' என்று கேட்கும் ஒரு கட்டம் காலியாக நிற்கும்போது, அதை நிரப்பாமல் விடுவது நிரலாளருக்கு உறுத்தும். வெறும் வாக்கியத்தை அச்சிடும் கட்டளை அப்படி எதுவும் கேட்பதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டதும், அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்கள் நின்றுபோயின. சின்னக் காரியத்துக்கெல்லாம் அடுத்தவர் நிரலை அண்டியிருப்பது ஆபத்து என்ற பாடம் சரியானதே. ஆனால் ஒரு வரிக்குக் கீழே கோடிழுப்பது அத்தனை சின்னக் காரியமா? 'பெயர்' என்ற சொல் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். பைட்டுகளை எண்ணி இடம் கணக்கிடும் அவசர நிரல், தமிழ் எழுத்து கலந்த வரியில் பிழையைச் சுட்ட வேண்டிய குறியை எங்கோ வலப்பக்கம் கொண்டுபோய் வைக்கும். டேப் இடைவெளி, இரட்டை அகலம் பிடிக்கும் சீன எழுத்து, இமோஜி என்று தொல்லைகள் இன்னும் உண்டு. லைப்ரரிகளே இவற்றில் தடுமாறுவதுண்டு, ஆனால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் சரியாகும். தகவல் தனி, வடிவம் தனி என்று பிரிந்துவிட்டால் அதே பிழையைக் கருவிகளுக்கு ஜேசனாகவும் அனுப்பலாம். மியட்டில், கோடும் அம்பும் இல்லாமல் வாக்கியங்களாகவே சொல்லும் முறையும் இருக்கிறது, திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்காக. எழுதியவரே ஒரு முறை ஓட்டிவிட்டுத் தூக்கிப்போடும் பத்து வரி நிரலுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. பிறர் எழுதும் கோப்பைப் படித்துக் குறை சொல்லும் நிரலுக்கு வேண்டும்.