சுவர்க் கடிகாரம் கற்றுத்தரும் நிதானம்

எறிகணையில் ஒரு காலை இழந்த பின்னரே நான் நீந்தப் பழகினேன். தொடக்கத்தில் களைப்புத் தெரியாது. வேகமாகப் பாய்ந்துவிட்டுப் பாதியில் மூச்சு முட்டி நிற்பேன். இதைத் திருத்தியது தடாகச் சுவரிலிருந்த பெரிய செக்கன் கடிகாரம்.

100 மீற்றரை 3 நிமிடத்தில் நீந்த வேண்டுமெனில், 25 மீற்றர் தடாகத்தில் ஒரு நீளத்துக்கு 45 செக்கன். முள் 60இல் இருக்கும்போது புறப்பட்டால், சுவரைத் தொடும் ஒவ்வொரு முறையும் அது 45, 30, 15, 60 எனக் காட்டவேண்டும். முதல் நீளத்திலேயே 38 என்றால் அவசரப்படுகிறேன், வேகத்தைக் குறைக்கவேண்டும்.

இப்போது தடாகத்தின் அடியில் குறித்த வேகத்தில் நகரும் விளக்குகளும் வந்துவிட்டன. தலையைத் தூக்காமலே ஒளியோடு சேர்ந்து நீந்தலாம்.

ஒற்றைக் காலுடன் முதன்முறை 100 மீற்றரை நிற்காமல் முடித்த அன்று, நான் வேகமாக நீந்தவில்லை, சீராக நீந்தினேன்.